பழைய சிறுவர் இல்லங்களில் காலணியும் அன்றாட வேலையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

1968 இல், ஏழு வயதில், கொழும்பு கொட்டாஞ்சேனைப் பக்கம் இருந்த ஒரு பெண்பிள்ளைகள் இல்லத்தில் என்னைச் சேர்த்தார்கள். பதினெட்டு வயது வரை அங்கேதான் வளர்ந்தேன். பின்னர் தையல் ரீச்சராக வேறு இல்லங்களிலும் வேலை செய்தேன். அம்மாவோ அம்மம்மாவோ இல்லத்தில் வளர்ந்தவர் என்று பிந்தி அறிந்தவர்கள் என்னிடம் வந்து கேட்பதுண்டு. இன்று இல்லங்களில் வேலை பார்ப்பவர்களும் உதவி செய்ய நினைப்பவர்களும் கேட்பார்கள். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். எனக்குத் தெரிந்தது பெரும்பாலும் அறுபதுகளும் எழுபதுகளும். அதற்கு முந்திய காலம் எங்கள் பெரியக்காமார் சொல்லிக் கேட்டது.

அந்தக் காலத்துப் பிள்ளைகள் செருப்புப் போட்டார்களா, வெறுங்காலோடு திரிந்தார்களா?

பகலில் பெரும்பாலான நேரம் வெறுங்கால்தான். வீட்டுக்குள் செருப்போடு நடக்கும் வழக்கம் நம்மிடம் இல்லை. இல்லமும் அப்படித்தான். விறாந்தைப் படியோடு செருப்பைக் கழற்ற வேண்டும். கிணற்றடி, கக்கூஸ், கடைத்தெரு ஆகிய மூன்றுக்கும்தான் செருப்பு.

இதை வறுமை என்று மட்டும் எண்ணிவிடாதீர்கள். அந்தக் காலத்தில் இல்லத்துக்கு வெளியே இருந்த பிள்ளைகளும் பலர் வெறுங்காலோடுதான் பாடசாலைக்குப் போனார்கள். இருபதாம் நூற்றாண்டின் முதற்பாதியில் எடுத்த பாடசாலைக் குழுப்படம் ஒன்று கிடைத்தால், முன்வரிசையில் சப்பாணி கட்டி இருக்கும் பிள்ளைகளின் கால்களைப் பாருங்கள். சட்டை வெள்ளையாக, தலை எண்ணெய் வைத்து வாரி இருக்கும். கால் வெறுமையாக இருக்கும். சப்பாத்து என்பது அப்போது பெரிய கல்லூரிகளின் அடையாளம்.

இறப்பர் செருப்பைப் "பாட்டா" என்கிறீர்களே, அது கம்பனியின் பெயர் அல்லவா?

பெயர் கம்பனியுடையதுதான். இன்றைய செக் நாட்டில் உள்ள ஸ்லின் நகரில் பாட்டா குடும்பத்தார் 1894 இல் தொடங்கியது. ஆனால் இலங்கையில் இறப்பர் செருப்பு எதுவானாலும் அது பாட்டாதான். வேறு கம்பனி செய்ததையும் "புதுப் பாட்டா" என்றுதான் சொல்வோம்.

அந்த இறப்பருக்கும் எங்கள் ஊருக்கும் பழைய உறவு உண்டு. பிரேசிலிலிருந்து இலண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுபோன விதைகளில் முளைத்த கன்றுகள் 1876 இல் கொழும்புக்கு வடகிழக்கே, கம்பஹா ஹெனரத்கொடைத் தோட்டத்துக்கு வந்து நடப்பட்டன. 1952 இல் இலங்கை சீனாவுடன் உடன்படிக்கை செய்து, இறப்பரைக் கொடுத்து அரிசி வாங்கியது. இல்லத்தில் எங்கள் காலுக்கும் தட்டுக்கும் ஒரே மரம்தான் உதவியது என்று ஒரு ரீச்சர் வகுப்பில் சொன்னார். அதற்குப் பிறகு சோறு சாப்பிடும்போதெல்லாம் எனக்கு அந்த மரம் நினைவுக்கு வரும்.

ஆளுக்கு ஒரு சோடியா? யாருடையது எது என்று எப்படித் தெரியும்?

மற்றக் கேள்விகளை விட இதற்குத்தான் எனக்கு நிறையச் சொல்ல இருக்கிறது.

ஆளுக்கு ஒரு சோடி பாட்டா உண்டு. ஆனால் "உன்னுடையது" என்று யாரும் சொல்ல மாட்டார்கள். எங்கள் இல்லத்தில் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு இலக்கம். என்னுடையது 31. துவாய், சட்டைக் கழுத்து, தலையணை உறை எல்லாவற்றிலும் சிவப்பு நூலால் 31 என்று தைத்திருக்கும். பாட்டாவில் நூல் தைக்க முடியாது. அதனால் ஆணியை அடுப்பில் காய்ச்சி, குதி படும் இடத்தில் இலக்கத்தைச் சுட்டுவிடுவார்கள். இறப்பர் சுடும் அந்த மணம் இன்றும் எங்கேயாவது மூக்கில் பட்டால் எனக்குக் குதிக்கால் கூசும்.

ஒரு பிள்ளை இல்லத்தை விட்டுப் போனால் அவளுடைய இலக்கம் புதிதாக வரும் பிள்ளைக்குப் போகும். பாட்டாவும் கூடவே போகும். நான் வந்தபோது 31 ஆம் இலக்கப் பாட்டா என் காலை விடப் பெரியது. எனக்கு முன் அந்த இலக்கத்தில் இருந்தவளின் குதியும் ஐந்து விரல்களும் அதில் பள்ளமாகப் பதிந்திருந்தன. என் விரல்கள் அவளுடைய விரல் பள்ளத்தை எட்டவில்லை. கிட்டத்தட்ட இரண்டு வருடம் அந்தப் பள்ளத்தை எட்டிப் பிடிப்பதற்காகவே வளர்ந்தேன் என்று சொல்லலாம். அவள் யார், எங்கே போனாள் என்று ஒருவரும் எனக்குச் சொல்லவில்லை. அவளுடைய கால் மட்டும் எனக்கு நன்றாகத் தெரியும்: இடக்காலைச் சற்று உள்ளே சாய்த்து நடப்பவள், அந்தப் பக்கம்தான் தேய்ந்திருந்தது.

வீட்டில் வளரும் பிள்ளைக்குக் கால் வளர்ந்தால் அம்மாவுக்குத் தெரியும். செருப்பு கடிக்கிறது என்று பிள்ளை அழும், அப்பா கடைக்குக் கூட்டிப் போவார். நூறு பிள்ளைகள் இருந்த இடத்தில் ஒரு பிள்ளையின் கால் வளர்ந்ததை யார் கவனிப்பது? வருடத்துக்கு ஒருமுறை சிறியது, நடுத்தரம், பெரியது என்று மூன்று அளவில் மொத்தமாக வாங்குவார்கள். கால் எந்த அளவாக இருந்தாலும் அந்த மூன்றில் ஒன்றுக்குள் அடங்க வேண்டும். எங்களைப் பார்த்துக்கொண்டவர்கள் கெட்டவர்கள் என்று நான் சொல்லவில்லை. அவர்களில் சிலர் தங்கள் பங்குப் பாணை எங்களுக்குப் பிய்த்துத் தந்தவர்கள். கால் ஒவ்வொன்றும் வேறு என்பதைப் பார்க்க அவர்களுக்கு நேரம் இருக்கவில்லை.

வார் அறுந்தால் என்ன செய்வீர்கள்?

முன்பக்கக் குமிழ் துளையை விட்டுக் கழன்றால், குமிழுக்குக் கீழே ஒரு ஊக்கைக் குறுக்கே குத்திவிட்டால் போதும், இன்னும் சில மாதம் ஓடும். வார் நடுவில் அறுந்தால் சூடான கத்தியால் இரண்டு முனையையும் உருக்கி ஒட்டுவோம். ஒட்டிய இடம் கரடாகி விரலிடுக்கைத் தேய்க்கும். அதற்கு ஒரு துண்டுத் துணி சுற்ற வேண்டும். இரண்டு கால் பாட்டாவும் இரண்டு நிறத்தில் இருப்பது சாதாரணம். அதை யாரும் பகிடி பண்ணியதாக எனக்கு நினைவில்லை. வெளிப்பிள்ளைகள் பண்ணினார்கள், அது வேறு விஷயம்.

சப்பாத்து எப்போது போடுவீர்கள்?

பாடசாலைக்கும் ஞாயிறு பூசைக்கும் வெள்ளைக் கன்வஸ் சப்பாத்து. அது பூட்டிய அலுமாரியில் இருக்கும். சனிக்கிழமை பின்னேரம் வெளியே எடுத்து, கழுவி, மதில் மேல் காய வைத்து வெள்ளை பூசுவோம். கடையில் வாங்கும் பூச்சு முடிந்துபோனால், வகுப்பில் பொறுக்கிய வெண்கட்டித் துண்டுகளை நனைத்துத் தேய்ப்போம். காய்ந்ததும் பால் மாதிரி இருக்கும். மழை வந்தால் போகும் வழியெல்லாம் வெள்ளைத் தடம் விழும்.

வருகிற பெரியவர்களின் கறுப்புத் தோல் சப்பாத்தை மினுக்குவதும் எங்கள் வேலை. பொலிஷ் இல்லாதபோது செவ்வரத்தம்பூ இதழ்களைக் கசக்கித் தேய்ப்போம். தோல் கறுப்பாகிப் பளபளக்கும். சிங்களத்தில் அந்தப் பூவைச் சப்பத்து மல் என்றே சொல்லும் வழக்கம் உண்டு. ஆங்கிலத்திலும் நம் ஊரில் அதற்குச் சப்பாத்துப் பூ என்ற பெயர்தான். சப்பாத்து என்ற சொல் போர்த்துக்கேயரிடமிருந்து வந்தது. காலுக்குப் போடும் மேசு, சப்பாத்தைப் பூட்டி வைக்கும் அலுமாரி, இருந்து பூட்டிக்கொள்ளும் வாங்கு என்று அந்த அறையில் இருந்த பல சொற்கள் அவர்கள் விட்டுப்போனவைதான். மொழி ஆர்வம் உள்ளவர்களுக்காகச் சொன்னேன்.

ஆங்கிலக் கதைகளில் வரும் அநாதைப் பிள்ளைகள் மரக்கட்டைச் சப்பாத்துப் போடுகிறார்களே. இங்கேயும் அப்படியா?

இல்லை, அது அந்த நாட்டுக் குளிருக்கும் சேற்றுக்கும் உரியது. வட இங்கிலாந்தில் ஆலைத் தொழிலாளரும் ஏழைப் பிள்ளைகளும் மர அடிப்பாகத்தில் இரும்புப் பட்டை அடித்த சப்பாத்துப் போட்டார்கள். தோலடி தேய்ந்தால் செலவு அதிகம், இரும்பு தேய்ந்தால் மலிவாக மாற்றலாம்.

பிரிஸ்டல் நகரில் ஜோர்ஜ் முல்லர் நடத்திய இல்லங்கள் 1870 அளவில் ஐந்து பெரிய கட்டடங்களாகி 2,050 பிள்ளைகளுக்கு இடம் கொடுத்தன. அங்கே ஆண்பிள்ளைகளுக்கும் மேசு பின்னவும் கிழிந்ததைத் தைக்கவும் பழக்கினார்கள். தங்கள் சப்பாத்தைத் துடைப்பதும் கட்டிலை விரிப்பதும் அறையைத் தேய்த்துக் கழுவுவதும் அவர்களுடைய வேலைதான். இலண்டனில் பர்னாடோ என்பவர் 1870 இல் ஆண்பிள்ளைகளுக்கும் 1876 இல் பார்க்கிங்சைட்டில் பெண்பிள்ளைகளுக்கும் இல்லம் திறந்தார். அங்கே பையன்களுக்குச் சப்பாத்துத் தைப்பது போன்ற தொழில்கள், பெண்களுக்கு வீட்டுவேலை என்று பிரித்துப் பழக்கினார்கள். நம் நாட்டுக்கு வந்த மிஷன்காரர்கள் அதே பிரிப்பைத்தான் கொண்டுவந்தார்கள்.

ஒரு தகவல் என்னை மிகவும் பாதித்தது. லிவர்பூலில் 1885 இல், பொலிஸார் மூலம் ஏழைப் பிள்ளைகளுக்கு உடுப்புக் கொடுக்கும் சங்கம் ஒன்று தொடங்கியது. கொடுத்த உடுப்பைப் பெற்றோர் அடகு வைத்துவிடாதபடி அதில் அடையாளம் போட்டுக் கொடுத்தார்கள். தெருவில் பார்க்கிற எவருக்கும் அது தர்ம உடுப்பு என்று தெரிந்துவிடும். இதை வாசித்தபோது என் குதியில் இருந்த 31 தான் நினைவுக்கு வந்தது.

வெறுங்காலோடு நடந்தது உடம்புக்குக் கெடுதி இல்லையா?

காலின் வடிவத்துக்குக் கெடுதி இல்லை. தென்னிந்தியாவில் 4 முதல் 13 வயது வரையான 2,300 பிள்ளைகளின் கால் அச்சைப் பார்த்து 1992 இல் வெளிவந்த ஓர் ஆய்வில், சப்பாத்துப் போட்டு வளர்ந்த பிள்ளைகளிடம்தான் தட்டைப்பாதம் அதிகம் இருந்தது. சிறிய சப்பாத்துக்குள் காலைத் திணித்த எங்களில் சிலருக்குத்தான் இன்று பெருவிரல் உள்ளே வளைந்து கிடக்கிறது.

கெடுதி வேறு வழியாக வந்தது, கொக்கிப்புழு. ஈர மண்ணில் இருக்கும் இளம் புழு விரலிடுக்குத் தோலைத் துளைத்து உள்ளே போகும். குடலில் தங்கி இரத்தத்தை உறிஞ்சும். பிள்ளை வெளிறும், களைக்கும், படிப்பில் மந்தம் என்று பெயர் வாங்கும். முதல் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்க ரொக்பெல்லர் நிதியம் இலங்கையில் கொக்கிப்புழு ஒழிப்பு வேலையைத் தொடங்கியது. மலைநாட்டுத் தோட்டங்களில் எங்கள் சனம் பட்ட பாடுதான் அதற்கு முக்கிய காரணம். மருந்து கொடுத்தாலும் திரும்பத் திரும்ப வந்தது, ஏனென்றால் ஒழுங்கான கக்கூஸும் இல்லை, காலில் செருப்பும் இல்லை. அதனால்தான் எங்கள் இல்லத்தில் வேறு எதற்கு விட்டாலும் கக்கூஸுக்கு வெறுங்காலோடு போக விடமாட்டார்கள். தவணை விடுமுறை தொடங்கும் நாளில் எல்லோருக்கும் பேதி மருந்து. அன்று முழுக்க ஒருவருக்கும் வேலை கிடையாது, கஞ்சியும் படுக்கையும்தான்.

ஒரு நாளில் என்னென்ன வேலை செய்தீர்கள்?

விடியற்காலை மணி அடிக்கும். பாயைச் சுருட்டி அடுக்குவது முதல் வேலை. பிறகு பட்டியல்படி: முற்றம் கூட்ட இரண்டு பேர், தண்ணீர் நிரப்ப நாலு பேர், தேங்காய் திருவ ஒருத்தி, அரிசியில் கல் பொறுக்க இரண்டு சின்னப்பிள்ளைகள். சாப்பாட்டுக்குப் பின் சட்டி பானையைச் சாம்பலும் தும்பும் போட்டு விளக்க வேண்டும். பாடசாலை விட்டு வந்தால் உடுப்புத் தோய்ப்பது. சன்லைட் சவர்க்காரக் கட்டியை நூலால் துண்டு துண்டாக அறுத்துத் தருவார்கள். வெள்ளை உடுப்புக்கு நீலம், கஞ்சி. சனிக்கிழமை பெரிய பிள்ளைகள் சிரட்டைக்கரி போட்ட இஸ்திரிப் பெட்டியால் உடுப்பை மினுக்குவார்கள். பித்தளைப் பெட்டியின் முன்னால் சேவல் உருவம் இருக்கும், அந்தச் சேவலைத் தூக்கித்தான் மூடியைத் திறக்க வேண்டும். கரி தெறித்துச் சட்டையில் ஓட்டை விழுந்தால் அன்றைக்கு ஏச்சு நிச்சயம்.

ஆனால் கொழும்பில் இல்லத்தில் வளர்ந்த எந்தப் பெண்ணிடமும் கேளுங்கள், முதலில் சொல்வது சிவப்பு நிலத்தைத்தான். அந்தக் காலத்துப் பெரிய வீடுகளிலும் மடங்களிலும் சீமெந்து நிலத்துக்குச் சிவப்புச் சாயம் போட்டிருப்பார்கள். சனிக்கிழமை காலை அதற்கு மெழுகு பொலிஷ் பூச வேண்டும். சின்னப்பிள்ளைகள் முழங்காலில் இருந்து துணியால் பூசிக்கொண்டே பின்பக்கமாக நகர்ந்து போவார்கள். அவர்கள் பூசிய இடத்தில் நாங்கள் தேங்காய்ப் பொச்சுமட்டையோடு வருவோம். தேங்காயைப் பாதியாக வெட்டி, தும்பு கீழே இருக்கும்படி வைத்து, அதன்மேல் ஒரு காலை ஊன்றி, மற்றக் காலால் தள்ளித் தள்ளித் தேய்க்க வேண்டும். உடம்புப் பாரம் முழுதும் அந்த ஒரு காலில். மண்டபத்தின் இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர் வரை வரிசையாகப் பத்துப் பன்னிரண்டு பேர் ஆடிக்கொண்டே போவோம். ஒருத்தி தாளம் போடுவாள், மற்றவர்கள் பாடுவார்கள். நிலத்தில் முகம் தெரியும்வரை தேய்க்க வேண்டும்.

உண்மையைச் சொன்னால் அதில் சந்தோசம் இருந்தது. வழுக்கி விழுந்து சிரித்திருக்கிறோம். ஆனால் பொச்சுமட்டையின் விளிம்பு உள்ளங்காலை வெட்டும், பொலிஷ் அந்த வெட்டுக்குள் போகும். ஞாயிறு காலை சிவப்பு ஊறிய காலோடுதான் வெள்ளைச் சப்பாத்துக்குள் போவோம். கழற்றினால் உள்பக்கம் சிவப்பாக இருக்கும். என் உள்ளங்காலில் அந்தச் சிவப்பு இல்லாமல் இருந்த ஒரு வாரம் கூட எனக்கு நினைவில்லை.

சின்னப்பிள்ளைகளை யார் பார்த்துக்கொண்டார்கள்?

பெரிய பிள்ளைகள். பத்து வயதானால் உனக்கென்று ஒரு சின்னப்பிள்ளையைத் தருவார்கள். குளிப்பாட்டி, தலை வாரி, பேன் பார்த்து, இரவில் எழுப்பி வெளியே கூட்டிப் போவது உன் பொறுப்பு. என்னிடம் வந்தவளுக்கு மூன்று வயது. அவள் பாயை நனைத்தால் இரண்டு பேருக்கும் ஏச்சு. இன்று அவளுக்குப் பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள், இப்போதும் என்னைப் பெரியக்கா என்றுதான் கூப்பிடுகிறாள். இந்த ஒரு வேலையைப் பற்றி மட்டும் எனக்கு எந்த மனக்குறையும் இல்லை.

ஆண்பிள்ளைகள் இல்லங்களில்?

என்னோடு பேசிய ஐயாமார் சொன்னபடி விறகு கொத்துவது, தோட்டம், மாடு, தச்சுவேலை, சில இடங்களில் அச்சுக்கூடம். தலைமயிரை ஒருவருக்கொருவர் வெட்டிக்கொள்வார்களாம். சமையலும் தோய்ப்பதும் தாங்களே செய்ததால் கலியாணத்துக்குப் பிறகு மனைவிமார் ஆச்சரியப்பட்டார்கள் என்று இரண்டு மூன்று பேர் பெருமையாகச் சொன்னார்கள். பந்து விளையாட்டு முழுக்க வெறுங்காலில்தான்.

தண்டனையாக வேலை கொடுத்தார்களா?

கொடுத்தார்கள். கக்கூஸ் கழுவுவது முறைப்படி எல்லோருக்கும் வரும், ஆனால் பொய் சொன்னவளுக்கும் களவெடுத்தவளுக்கும் அது கூடுதலாக வரும். பாயை நனைத்த பிள்ளை அதைத் தலையில் சுமந்து எல்லோரும் பார்க்கக் கிணற்றடிக்குப் போக வேண்டும். பாட்டாவைத் தொலைத்தால் புதியது தரமாட்டார்கள், வருடக் கடைசி வரை வெறுங்கால்தான். எனக்கு ஒன்பது வயதில் அது நடந்தது. மழைக்கு வாய்க்காலில் ஒரு காலுக்குரியது அடித்துக்கொண்டு போய்விட்டது. மற்றதை வைத்துக்கொள்ளக் கேட்டேன், அதையும் வாங்கிக்கொண்டார்கள். அந்தக் கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை. தண்டனை என்பதால் அந்த நான்கு மாதமும் கக்கூஸுக்குக்கூட வெறுங்காலோடுதான் போனேன். கொக்கிப்புழுச் சட்டத்தை அப்போது யாரும் நினைக்கவில்லை.

இதெல்லாம் சிறுவர் உழைப்பு இல்லையா? வேலை பழகியது நல்லதுதானே?

இரண்டு பக்கமும் என்னிடம் சண்டைக்கு வருகிறார்கள். என் எண்ணத்தைச் சொல்கிறேன்.

தான் சாப்பிட்ட தட்டைக் கழுவுவது, தன் உடுப்பைத் தோய்ப்பது, தான் படுக்கும் இடத்தைக் கூட்டுவது எல்லாம் வளர்ப்பு. எந்த வீட்டிலும் பிள்ளைகள் செய்வதுதான். வெளியாருக்கு விற்க உடுப்புத் தோய்த்தால், பொருள் செய்து கொடுத்தால், அதற்குப் படிப்பு நேரத்தை எடுத்தால் அது உழைப்பு. எங்கள் இல்லத்தில் பெரிய பிள்ளைகள் பின்னிய லேசும் பூவேலை செய்த மேசைத்துணியும் விற்பனைக்குப் போயின. காசு யாருக்கும் தரவில்லை. பரீட்சைக்கு முந்திய வாரமும் பின்னினோம். தையல் எனக்குச் சோறு போட்டது உண்மை. கணிதத்தில் நான் தவறியதும் அதே தையலால்தான்.

வெளிநாடுகளில் இதை விசாரித்து எழுதியே வைத்திருக்கிறார்கள். அயர்லாந்தில் 2009 இல் வெளிவந்த விசாரணை அறிக்கை, டப்ளின் கோல்டன்பிரிட்ஜ் தொழிற்பள்ளியில் பிள்ளைகள் தினமும் இத்தனை என்று கணக்குப்படி ஜெபமாலை மணி கோத்ததைப் பதிவு செய்தது. அவுஸ்திரேலியப் பிரதமர் 2009 நவம்பரில் இல்லங்களில் வளர்ந்தவர்களிடம் மன்னிப்புக் கேட்டார். சலவைக்கூடங்களில் அடைபட்டு வேலை செய்த பெண்களிடம் அயர்லாந்துப் பிரதமர் 2013 பெப்ரவரியில் மன்னிப்புக் கேட்டார்.

இலங்கை 1991 இல் சிறுவர் உரிமை உடன்படிக்கையை ஏற்றது. வேலைக்கு அமர்த்தக்கூடிய ஆகக் குறைந்த வயது 2021 இல் 14 இலிருந்து 16 ஆக்கப்பட்டது. இல்லத்துக்குள் நடக்கும் வேலையை அளக்க எனக்கு ஒரு சின்ன அளவுகோல் போதும்: அந்த வேலையைச் செய்யாத நாளில் பிள்ளைக்குச் சாப்பாடு உண்டா? உண்டு என்றால் அது வேலைப்பழக்கம்.

எழுபதுகளின் தட்டுப்பாடு இல்லங்களைப் பாதித்ததா?

1970 முதல் 1977 வரை இறக்குமதிக் கட்டுப்பாடு. பாணுக்கு வரிசை, துணிக்குக் கூப்பன், மரவள்ளிக்கிழங்கு. பொலிஷ் கிடைக்காமல் நிலத்தைத் திருவிய தேங்காய்ப்பூச் சக்கையால் தேய்த்தோம். நிலம் மினுங்கியது, எறும்பும் வந்தது. தேய்ந்த பாட்டாவின் அடியில் பழைய சைக்கிள் டயர்த் துண்டை வைத்துத் தைத்துப் போட்டோம். அது கனமானது, ஆனால் வழுக்காது. நல்ல பாட்டா என்று அதைத்தான் சொல்வேன்.

சைவ, முஸ்லிம், கிறிஸ்தவ இல்லங்களிடையே வித்தியாசம் இருந்ததா?

பட்டியலில் சிறு வித்தியாசம்தான். சைவ இல்லத்தில் பூப்பறித்து மாலை கட்டுவதும் விளக்கு துலக்குவதும் சேரும், வெள்ளிக்கிழமை நிலம் கழுவுவார்கள். முஸ்லிம் இல்லத்தில் தொழுகை நேரங்களை வைத்து வேலை நேரம் அமையும். விறாந்தைப் படியில் கழற்றி விட்ட பாட்டா வரிசை மூன்றிலும் ஒரே மாதிரி.

எங்கள் அம்மம்மா இல்லத்தில் வளர்ந்தவர். பதிவு எங்கே தேடலாம்?

முதலில் அதே இல்லம் இன்றும் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் பழைய சேர்வு இடாப்பு அலுமாரியில் கிடக்கும். இல்லாவிட்டால் அவர் படித்த பாடசாலையின் இடாப்பைக் கேளுங்கள். பாதுகாவலர் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் இல்லத்தின் பெயர் எழுதியிருக்கும். கிறிஸ்தவ இல்லம் என்றால் பங்குக் கோவிலின் ஞானஸ்நானப் பதிவு. அரசு அங்கீகாரம் 1941 ஆம் ஆண்டின் அநாதை இல்லக் கட்டளைச் சட்டத்தோடு வந்தது. பின்னர் நன்னடத்தை மற்றும் சிறுவர் பராமரிப்புத் திணைக்களம் பொறுப்பெடுத்தது, இன்று மாகாண மட்டத்தில் அலுவலகங்கள் உண்டு. பழைய ஆவணங்களுக்குக் கொழும்பு 7 இல் தேசிய சுவடிகள் கூடம். பிறந்த ஆண்டு சரியாகத் தெரியாவிட்டால், முன்பின் மூன்று வருடத்தையும் பாருங்கள். எங்களில் பலருக்கு வயதைப் பார்த்துப் பிடித்துத்தான் எழுதினார்கள்.

அவர் அதைப் பற்றிப் பேசவே மாட்டார். எப்படிக் கேட்பது?

"உங்கள் அம்மா அப்பா யார்" என்று தொடங்காதீர்கள். அந்தக் கதவு பூட்டியே இருக்கும். "காலில் என்ன போட்டீர்கள்" என்று கேளுங்கள். பலரிடம் நான் கேட்டுப் பார்த்திருக்கிறேன். பாட்டா, நிலம், பொச்சுமட்டை என்று தொடங்கி, பேச்சுத் தானாகவே கட்டில், பக்கத்துக் கட்டில்காரி, அழுத இரவு என்று போகும். இலக்கம் என்ன என்று கேட்டால் உடனே சொல்வார். தன் பிறந்தநாளை மறந்தவர்கள்கூட அதை மறப்பதில்லை. கேட்டபின் குறுக்கே பேசாமல் இருங்கள். போதும் என்று அவர் எழுந்தால் விட்டுவிடுங்கள். இன்னொரு நாள் அவரே தொடங்குவார்.

இன்றைய இல்லத்துக்குச் செருப்பு வாங்கிக் கொடுக்க விரும்புகிறோம். என்ன வாங்குவது?

நல்ல எண்ணம். 1993 முதல் அரசு பாடசாலைப் பிள்ளைகளுக்குச் சீருடைத் துணி இலவசமாகக் கொடுக்கிறது, ஆனால் சப்பாத்து எல்லோருக்கும் கிடைப்பதில்லை. அதனால் அது பெரும்பாலும் குறைவாகத்தான் இருக்கும்.

ஒரே ஒரு வேண்டுகோள். புறக்கோட்டையில் மொத்தமாக வாங்கிக் கட்டிக் கொண்டுபோக வேண்டாம். முதலில் இல்லப் பொறுப்பாளரிடம் அனுமதி கேட்டு ஒரு பின்னேரம் போங்கள். காலையை விடப் பின்னேரம் கால் சற்று வீங்கியிருக்கும், அந்த அளவுதான் சரி. ஒவ்வொரு பிள்ளையையும் கடதாசியில் நிற்க வைத்து இரண்டு காலையும் சுற்றிக் கோடு போடுங்கள். இரண்டும் ஒரே அளவாக இராது, பெரியதற்கு வாங்க வேண்டும். நீளமான விரலுக்கு முன்னால் ஒரு பெருவிரல் அகலம் இடம் விடுங்கள். என்ன நிறம் வேண்டும் என்று பிள்ளையிடம் கேளுங்கள், கேட்டதையே வாங்குங்கள். கடதாசியில் பெயரையும் திகதியையும் எழுதி இல்லத்திலேயே கொடுத்துவிடுங்கள். அடுத்த தவணை போகும்போது அதே கடதாசியில் வேறு நிறப் பேனையால் மறுபடி கோடு போட்டால், கால் எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்று பிள்ளையே பார்த்துக்கொள்ளும்.